புதன்கிழமை ஓ.பி.

ஒரு லிட்டர் தண்ணீர். குடித்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும், முட்டிக்கொண்டு வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், எனக்குத் தெரியாதா, இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆஸ்பத்திரியில் ஆண்களுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதானே என் பிழைப்பு. ஆனால் இந்த பாட்டிலை நான் கொடுக்கவில்லை. ஜெபக்கனி கொடுத்திருக்கிறாள். இருபத்தாறு வயசு, நான் பழக்கிவிட்ட பிள்ளை, சலைன் பாட்டில் மாட்டக்கூடத் தெரியாமல் நின்றவள். "மெதுவாக் குடிங்கப்பா, ஒரு அவசரமும் இல்ல" என்று அவள் சொல்லிவிட்டுப் போகிறாள், இவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டிக்கொண்டு குடிக்கிறார். வீட்டில் நான் ஒரு டம்ளர் நீட்டினால் "வை, அப்புறம் குடிக்கேன்" என்கிறவர். என் புருஷன் ஆவுடையப்பன், பாலிடெக்னிக்கில் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், யூராலஜி ஓ.பி. வாசலில் ஸ்டீல் நாற்காலியில் மடியில் மஞ்சள் ஃபைலோடு உட்கார்ந்திருக்கிறார். நான் ஒரு நாற்காலி விட்டு அடுத்ததில், யூனிஃபாரத்தோடு. பார்க்கிறவர்களுக்கு நான் யாரோ ஒரு நர்ஸ், அவர் யாரோ ஒரு நோயாளி. இப்போதைக்கு அதுதான் உண்மையும்கூட என்று தோன்றுகிறது.

சட்டையைத்தான் முதலில் பார்த்தேன். இளநீல அரைக்கைச் சட்டை. புதன்கிழமை எங்களுக்கு ஆபரேஷன் நாள், மூன்றாவது மாடியை விட்டு நான் கீழே இறங்குவதே கிடையாது, அது அவருக்கும் தெரியும், என் டூட்டி சார்ட் என்னைவிட அவருக்குத்தான் மனப்பாடம். இன்றைக்கு மயக்க டாக்டருக்குக் காய்ச்சல், இரண்டு கேஸும் நாளைக்குத் தள்ளிப்போய்விட்டது, பழைய ஃபைல் ஒன்று எடுக்கலாம் என்று ஓ.பி.க்கு வந்தால் வாசலில் அந்தச் சட்டை உட்கார்ந்திருக்கிறது. மூன்று மாதமாக அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவரே அதை இஸ்திரி போடுவார். புதன்கிழமை காலையில் முகத்துக்கு லேசாகப் பவுடர். "எங்க கிளம்பியாச்சு?" என்றால் "சும்மா, ஒரு சோலி." சோலி. ரிட்டயர் ஆன மனுஷனுக்குப் புதன்கிழமை தோறும் என்ன சோலி. நான் ஆபரேஷன் தியேட்டர் வராந்தாவில் நின்றுகொண்டு பதினோரு மணிக்குப் போன் அடிப்பேன். எடுக்க மாட்டார். நாலு தரம் அடித்துக் கட்டாகும். எங்கே இருந்து கட் பண்ணுகிறாரோ, எவள் பக்கத்தில் இருந்து கட் பண்ணுகிறாரோ என்று வயிறு எரிய எரிய அடுத்த கேஸுக்குக் கையுறை மாட்டிக்கொண்டு போவேன். இப்போது தெரிகிறது, எனக்கு மூன்று மாடி கீழே, இந்த நாற்காலியில், இந்தச் சட்டைப்பையில்தான் அந்தப் போன் அதிர்ந்திருக்கிறது.

எவள் என்றுகூட முடிவு பண்ணி வைத்திருந்தேன். மரகதவல்லி டீச்சர். அடுத்த தெரு, புருஷன் போய் ஆறு வருஷம், காலையில் மைதானத்தில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவள், இவரைக் கண்டால் "என்ன சார், இன்னைக்கு லேட்டு" என்கிறவள். பாவம், அவளை நான் எத்தனை விதமாகத் திட்டியிருக்கிறேன் மனசுக்குள். சந்தேகம் சும்மா வரவில்லை, ஒவ்வொன்றாகத்தான் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டிலை விட்டு ஹாலுக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தார், ஃபேன் சத்தம் ஆகவில்லை என்றார். இருபத்தேழு வருஷம் ஆன ஃபேன் சத்தம் அன்றைக்குத்தான் காதில் விழுந்ததாம். அப்புறம் லுங்கியைத் தானே துவைக்க ஆரம்பித்தார், நான் எழுந்திருக்கும் முன்னாலேயே கொடியில் ஈரமாகத் தொங்கும். ஒரு ஆண், தன் துணியைத் தானே, விடிகிறதற்கு முன்னால் துவைத்துப் போடுகிறான் என்றால் என்ன நினைப்பாள் ஒருத்தி? பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடுவது புதுப்பழக்கம். திருச்செந்தூர் போகலாம் என்றால் பஸ்ஸில் முடியாது என்பார். கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார், வாசல் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்து, பாதியில் காணாமல் போய்விடுவார். என் மேல் கை படுவது நின்றே போயிற்று. இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, இது யாரோ அறுபது வயசுக்காரர், கட்டில் நம்பர் ஏழு என்று என்னிடம் கொடுத்தால், பாதி படிக்கும்போதே சொல்லியிருப்பேன், புராஸ்டேட் வீங்கியிருக்கிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை, இரவெல்லாம் எழுந்திருக்கிறார், கூச்சப்படுகிறார், சீக்கிரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. வராந்தாவில் ஒருவர் நடந்து வருகிற நடையிலேயே கண்டுபிடிப்பேன் என்று டாக்டர்களே என்னைக் கேலி பண்ணுவார்கள். அந்த உலகம்மாள் சிஸ்டர், நான்தான், தன் வீட்டில் பார்த்தது எல்லாம் ஒரு பொம்பளையை. சட்டைக் காலரை மோந்துகூடப் பார்த்தேன், வெட்கக்கேடு, பவுடர் வாசனைதான் வந்தது, அவருடைய பவுடர்தான், அப்படியும் ஒரு நாள் முழுக்க அது யார் பவுடர் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாதி பாட்டில் ஆகிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார், "புத்துநோய் இல்லையாம். ரத்த டெஸ்ட் பாத்தாச்சு. பயப்படாத." எப்போது பார்த்தார்கள் என்று கேட்டேன். "போன மாசம் ரெண்டாவது புதன்." எனக்கு அந்தப் புதன்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குத்தான் இரண்டு முழம் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு வந்தார், என்றைக்கும் இல்லாத திருநாளாக, வாயில் ஏதோ ஒரு பாட்டு முனகல் வேறு. எங்கேயோ போய்த் தப்புப் பண்ணிவிட்டு எனக்குப் பூ வாங்கிவந்து சமாதானம் செய்கிறாரா என்று அதைத் தலையில் வைக்காமல் கொண்டுபோய் சாமி படத்துக்குப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் செத்துப் பிழைத்து வந்திருக்கிறார். ஒரு மாதம் அந்த ரிசல்ட்டுக்குப் பயந்து கிடந்து, இல்லை என்று தெரிந்ததும் பூக்காரியிடம் போய் நின்றிருக்கிறார். அந்த ஒரு மாதத்துப் பயத்தில் எனக்கு ஒரு துளிகூடத் தரவில்லை. எல்லாவற்றையும் ஜெபக்கனிக்குக் கொடுத்திருக்கிறார். "யார் சொன்னா உங்கள்ட்ட இல்லைன்னு?" என்று கேட்டேன், பதில் தெரிந்தே. "அந்தப் பிள்ளைதான். டாக்டர் வர்றதுக்கு முன்னாலயே ஓடியாந்து சொல்லிச்சு. கையப் பிடிச்சுக்கிட்டு." கையைப் பிடித்துக்கொண்டு. அதை ஏன் சேர்த்துச் சொன்னார்? கேட்டேனா நான்?

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடினேன், கிடைக்கவில்லை. மரகதவல்லி டீச்சரை மனசுக்குள்ளிருந்து இறக்கிவிட்டு நிம்மதியாக உட்கார விடாமல் அந்த இடத்தில் ஜெபக்கனி ஏறி உட்கார்ந்துகொண்டாள். டீச்சர்மேல் எரிந்ததைவிட இது கூடுதலாக எரிகிறது. டீச்சரிடம் அவர் போயிருந்தால் உடம்பைக் காட்டியிருப்பார், அவ்வளவுதானே, இவளிடம் பயத்தைக் காட்டியிருக்கிறார். இரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ரசத்தைச் சாப்பிட்டுக்கொண்டு எனக்குக் காட்டாத பயம். அதுவும் எப்படிக் காட்டியிருப்பார் என்று எனக்கு வரிவரியாகத் தெரியுமே. கேள்வித்தாள் இருக்கிறது, ஏழு கேள்வி. போனபிறகும் பாக்கி இருக்கிற மாதிரி இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை தரம். அதைக் கேட்கிற முறையை அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முகத்தைப் பார்த்துக் கேட்காதே, ஃபைலைப் பார்த்துக்கொண்டு கேள், ஆம்பளைகளுக்கு நம் கண் மேலே இருந்தால் வாய் திறக்காது. முதலில் தண்ணீர், காப்பி, அப்புறம் தூக்கம், எல்லாம் பழகின பிறகு கடைசியில்தான் வீட்டுக்காரி. தாம்பத்தியம் எப்படி, சங்கடம் ஏதாவது இருக்கிறதா என்று குரலை மாற்றாமல், காப்பி எத்தனை டம்ளர் என்று கேட்ட அதே குரலில் கேள். அப்படித்தான் கேட்டிருப்பாள், நல்ல பிள்ளை, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அவர் என்ன பதில் சொன்னார்? என்னைப் பற்றி, இந்த இருபத்தாறு வயசுப் பிள்ளையிடம், ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தலையிடம், என்ன சொன்னார்? அது அந்த மஞ்சள் ஃபைலுக்குள் அவள் கையெழுத்தில் ஒரு வரியாக இருக்கும். மனைவியுடன் என்று ஆரம்பிக்கும் வரி. அது அவர் மடியில் கிடக்கிறது, கை நீட்டினால் எட்டும்.

நீட்டவில்லை. அதற்குப் பதில் எழுந்து போய் ஜெபக்கனியை மருந்து அலமாரிப் பக்கம் மடக்கினேன். மூன்று மாதமாக என் புருஷன் வருகிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன். அவள் முகம் சிவந்துபோயிற்று. "யக்கா, ரெண்டாவது தடவ வந்தப்பதான் எனக்கே தெரியும். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ." சரி, என்னவெல்லாம் சொன்னார் என்றேன். அவள் கையிலிருந்த ஊசிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேஷண்ட் சொன்னத அவிய வீட்டாள்ட்டகூட அவிய சம்மதம் இல்லாம சொல்லக்கூடாதுன்னு நீங்கதானக்கா எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க." ஆமாம், சொல்லிக்கொடுத்தேன். அதைச் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு என் வாயில் கொள்ளிக்கட்டையை வைத்திருக்கலாம். "நான் வெளி ஆளா?" என்றேன். கேட்டுவிட்டு எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. எத்தனை பொம்பளைகள் என்னிடம் இதே மாதிரி வந்து நின்றிருக்கிறார்கள், நான் வெளி ஆளா சிஸ்டர், எங்கிட்ட சொல்லக்கூடாதா என்று. நான் இதே மாதிரி ஏதாவது ஒரு பெட்டியைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவள் மெதுவாக, "தனியாத்தான்க்கா வருவாவ. பாக்கப் பாவமா இருக்கும்" என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. என் புருஷனைப் பார்த்துப் பாவப்படக்கூட இவள்தான் முந்திக்கொண்டாளா?

திரும்பி வந்தபோது பாட்டில் காலி. கால்மேல் கால் போட்டிருந்தார், எடுத்தார், மறுபடி போட்டார். இனிமேல் அதிக நேரம் இல்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? இதத்தான நான் இருபத்திரண்டு வருசமாப் பாக்கேன்." அவர் வராந்தாவை ஒருதரம் பார்த்துக்கொண்டார். "மாசத்துல பத்து நாள் நைட் டூட்டி பாத்துட்டு வந்து கட்டயச் சாய்க்க. பக்கத்துல நான் மணிக்கொருதரம் எந்திரிச்சு லைட்டப் போட்டா நீ எங்க தூங்க." சரி, அதற்காக ஹாலில் படுத்தீர்கள், சொல்லாதது எதற்கு என்றேன். காலி பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார். "சொன்னா நீ நர்ஸ் ஆயிருவ உலகு." எனக்கு விளங்கவில்லை, நான் நர்ஸ்தானே. "வீட்டுக்கு வந்து எத்தனையோ பேரு கதை சொல்லிருக்க. அந்த ஏழாம் நம்பர், அந்த வாத்தியாரு, அந்த லாரிக்காரன், டியூபோட அவன் எந்திரிச்சு ஓடுனது. சிரிச்சிருக்கோம்லா ரெண்டு பேரும். எனக்கும் ஒரு நம்பர் போட்டுருவியோன்னு இருந்துச்சு." அப்புறம் இன்னும் தாழ்ந்த குரலில், "எனக்கு வீட்டுல நர்ஸ் வேண்டாம்" என்றார். நான் அவர்களைக் கேலி பண்ணிச் சிரிக்கவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சிரித்தேன்தான். களைப்பாக வந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சிரித்தேன். அவரும் சிரித்தார், போன வருஷம்கூடச் சிரித்தார். அப்போது அவர் லுங்கி பின்கொடியில் காய்ந்துகொண்டிருந்திருக்கும்.

"வருது" என்று எழுந்தார். ஜெபக்கனி வந்து முழங்கையைத் தொட்டாற்போல் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனாள், சிறுநீர் போகிற வேகத்தை அளக்கிற, புனல் வைத்த மெஷின் இருக்கிற சின்ன ரூம். மெஷினை ஓட விட்டுவிட்டு அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள், நான் பக்கத்தில் போய் நின்றேன். எழுந்து நின்றுகொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள், உட்கார்ந்தால்தான் போகும் என்கிறவர்கள் இருக்கிறார்கள், இவர் எப்படி? எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் ஆண்களைப் பற்றித் தெரியும், இவர் எப்படி என்று தெரியவில்லை. சத்தமே இல்லை. ஜெபக்கனி கதவைக் கொஞ்சம் திறந்து, கை மட்டும் உள்ளே விட்டு, வாஷ்பேஸின் குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் வரும், அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். இல்லை. ஒரு இருமல். மறுபடி ஒன்றும் இல்லை. வந்துவிடு, வந்துவிடு என்று நான் முருகனையா கூப்பிட்டேன், இல்லை அந்த மூத்திரப்பையையே கூப்பிட்டேனா, தெரியாது. வராவிட்டால் இன்றைக்கே மூத்திரத்துக்கு டியூப் போட வேண்டும், டியூபை யார் போடுவது, நான் போட விடுவாரா, போட மாட்டேன், எனக்குக் கை வராது, அப்படியானால் இவள் போடுவாள், இந்தக் கை. உள்ளேயிருந்து அவர் ஏதோ சொன்னார், அவளிடம்தான். அவள் தலையை உள்ளே விட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். சொல்லக் கஷ்டப்பட்டாள். "யக்கா, கொஞ்சம் மாடிப்படிப் பக்கம் போய் உக்காருதீங்களா. நீங்க இங்க நிக்கது அவியளுக்குத் தெரியுது. அதான் வரமாட்டேங்கு."

போனேன். நானும்தான் இந்த ரூம் வாசலிலிருந்து எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன், கேண்டீன்ல ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்கம்மா என்று. போகிறபோது ஒரு பார்வை பார்ப்பார்கள், நன்றி என்று நினைத்துக்கொள்வேன். நன்றியா அது. மாடிப்படிக்குக் கீழே நீளமான மரபெஞ்சு, நோயாளிகளின் வீட்டு ஆட்கள் உட்காருகிறது, இத்தனை வருஷத்தில் நான் அதில் உட்கார்ந்ததே இல்லை, கடந்துதான் போயிருக்கிறேன். ஓரமாக ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒருத்தி, நாற்பத்தைந்து இருக்கும், பார்க்க லட்சணமாக, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு. அவள் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தேன். போனதா, போகவில்லையா. போனால் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு பாக்கி. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், கடிகாரம் பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. இன்றைக்கு இவர் என்னைப் போ என்றார். நாளைக்கு ஆபரேஷன் என்றால், வார்டில் சேர்த்தால், அந்த வார்டு என் வார்டு. சிவப்பாக வருகிற டியூப் ரோஸாகி, ரோஸ் தெளிந்து வெள்ளையாகிறவரை மூன்று நாள் பை மாற்றுவது நான் இல்லை, ஜெபக்கனி என்று கேட்டு வாங்குவார். கேட்கட்டும். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடக்கிறேன். கிடந்து என்ன செய்வது, இங்கே அவள் என்ன கேட்டாள், இவர் என்ன சொன்னார் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்றாரே. வீட்டில் நர்ஸ் வேண்டாம். நர்ஸ் இல்லை என்றால் நான் யார்? அதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும், மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோதே கேட்டிருக்க வேண்டும்.

டாக்டர் ரூம் கதவு பாதி திறந்தது. ஜெபக்கனி, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே, வராந்தா முழுக்கக் கேட்கும்படிக் கூப்பிட்டாள். "ஆவுடையப்பன் கூட வந்திருக்கவங்க யாரு? டாக்டர் கூப்பிடுதாங்க, உள்ள வாங்க." எனக்கு ரத்தம் குப்பென்று தலைக்கு ஏறியது. அவர் கூட யார் வந்தது? தனியாகத்தானே வருவார் என்றாள் இவள், எல்லாம் பொய்யா? வெடுக்கென்று பக்கத்தில் திரும்பினேன். கத்தரிப்பூச் சேலைக்காரி தூக்குவாளியைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கத்தான் வைக்கிறாள். நெற்றி, மூக்குத்தி, பின்னலில் பூ, எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டேன், இவள்தானா, இவளுக்காகவா அந்தச் சட்டை, கத்திவிடுவேன் போலிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, வாளியை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. ஜெபக்கனி வாசலைவிட்டு இரண்டு எட்டு எடுத்து வந்து என்னைப் பார்த்துச் சொன்னாள். "யக்கா, உங்களத்தான். மூணு மாசமா கூட யாரும் வரலன்னே சொல்லிக்கிட்டிருந்தாவ. இன்னைக்கு டாக்டர் கேட்டதும், வந்திருக்கா, படிக்கட்டுப் பக்கம் இருப்பா, கூப்பிடுங்கன்னு சொல்லிட்டாவ."